மறையாக்க வேகத்தை அளப்பது எப்படி?

செய்தியை மறைமொழியாக்கும் பணியைக் கணிப்பொறி நிரலின் வழியாகவும் செய்யும். அதற்கென்றே அமைந்த மின்சுற்றின் வழியாகவும் செய்யும். 2001-இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்ற ஏ.இ.எஸ். முறையில் 16 பைட்டுகள் ஒரு கட்டு. திறவுகோல் 128 பிட்டாயின் ஒவ்வொரு கட்டும் 10 சுற்றுகள் உருமாற வேண்டும். ஒரு சுற்றை ஒரே ஆணையில் முடிக்கும் இன்டெல் சில்லுகள் 2010-இல் வெளிவந்தன.

இவ்வேகத்தை அளக்க ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் 'ஸ்பீட்' கட்டளை உதவும். அது ஒரே வேலையைச் சில விநாடிகள் திரும்பத் திரும்பச் செய்து, விநாடிக்கு எத்தனை பைட்டுகள் என்று கூறும். 16 பைட்டுத் துண்டுகளாகக் கொடுத்தால் ஆயத்த வேலையே நேரத்தைத் தின்றுவிடும். 8192 பைட்டுகளில்தான் மின்சுற்றின் திறன் புலப்படும்.

எந்தக் கடிகாரத்தை நம்புவது என்பதே உண்மையான சிக்கல். யூனிக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் அக்கட்டளை இயல்பாக மையச் செயலகம் உழைத்த நேரத்தையே கணக்கில் கொள்ளும். மறையாக்கம் தனிச் சில்லில் நடந்தால் செயலகம் சும்மா காத்திருக்குமல்லவா? 3 விநாடியில் 300 மெகாபைட் முடிந்தது, செயலகம் உழைத்தது 0.1 விநாடி எனக் கொள்வோம். மெய்யான வேகம் விநாடிக்கு 100 மெகாபைட். திரையில் தோன்றுவதோ 3000! விற்பவருக்கு இந்த எண்தான் பிடிக்கும். 'எலாப்ஸ்ட்' என்னும் குறிப்பைச் சேர்த்து ஓட்டினால், சுவர்க் கடிகாரத்தின் 3 விநாடியாலேயே வகுத்து 100 என்று காட்டும்.