நஜ்ஷ்: வேடிக்கைப் படத்தில் மறைந்து வரும் மோசடி

ஃபிக்ஹு நூல்களில் வியாபாரப் பாடத்தை ஓதுகிறவர்கள் 'நஜ்ஷ்' என்னும் சொல்லைக் காண்பார்கள். வாங்கும் எண்ணம் இல்லாதவன் ஏலத்தில் புகுந்து, பிறரை ஏமாற்றுவதற்காக விலையை ஏற்றிக் கேட்பதே நஜ்ஷ். இல்லாத சிறப்பைச் சொல்லிச் சரக்கை விலைபோகச் செய்வதையும் அறிஞர்களில் சிலர் இதில் சேர்த்திருக்கின்றனர். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஒட்டகச் சந்தையோடு முடிந்துபோன சட்டம் இது என எண்ணிவிட வேண்டாம். இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசியிலும் இந்த ஏலம் நடக்கிறது.

கணினிக் கணக்கில் மட்டும் இருக்கும் கிரிப்டோ நாணயங்களில் 'மீம் காயின்' ஒரு வகை. அதன் பின்னால் சரக்கும் இல்லை. தொழில் வருமானமும் இல்லை. ஒரு வேடிக்கைப் படத்தைச் சுற்றி எழும் பேச்சுத்தான் அதற்கு விலை தருகிறது. பில்லி மார்கஸ், ஜாக்சன் பால்மர் என்னும் இருவர் 2013 டிசம்பரில் ஜப்பானிய நாய் ஒன்றின் படத்தை வைத்து 'டோஜ்காயின்' என்பதை விளையாட்டாகத் தொடங்கினர். 2021 மே மாதத்தில் அதன் விலை 70 அமெரிக்க சென்ட்டைத் தாண்டியது. அவ்வாண்டு முடிவதற்குள் 20 சென்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. பேச்சு ஏற்றிய விலை, பேச்சு ஓய்ந்ததும் இறங்கிற்று.

இதைவிடக் கொடியதும் நடந்தது. 'ஸ்க்விட் கேம்' என்னும் கொரியத் தொடரின் பெயரைச் சொல்லி 2021 அக்டோபரில் ஒரு நாணயம் வந்தது. 2,800 டாலருக்கு மேல் ஏறிய அது, நவம்பர் 1 அன்று ஒரு சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. வாங்கியவர்கள் விற்க முயன்றபோது விற்க முடியவில்லை.

இவ்வியாபாரத்தின் தந்திரம் என்ன? மலிவாக வாங்கிக் குவித்தவர்கள் சிரிப்புப் படங்களைப் பரப்புகிறார்கள். "விலை சந்திரனுக்குப் போகிறது" என்கிறார்கள். விற்காமல் இருப்பவனை 'வைரக்கை' என்று புகழ்ந்து, விற்பவனைக் 'காகிதக்கை' என்று கேலி செய்கிறார்கள். சிலர் தம் கணக்குகளுக்குள்ளேயே வாங்கி விற்று, சந்தையில் கூட்டம் இருப்பதுபோல் காட்டுகிறார்கள். புதியவர் வந்து விலை ஏறியதும், முந்தியவர் விற்றுவிட்டு நழுவுகிறார்.

கிரிப்டோ நாணயமே கூடுமா, கூடாதா என்பதில் இக்கால உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்தப் பேச்சு வேறு. பிறரை ஏமாற்றி விலையை ஏற்றுவது பாவம் என்பதில் வேறுபாடில்லை. தன் கணக்குகளுக்குள் போலியாக வாங்கி விற்பவன் செய்வது அப்பட்டமான நஜ்ஷ். கூலி பெற்று, அதை மறைத்துப் பொய்யாகப் புகழ்பவனும் குற்றவாளியே. "நான் வாங்கவுமில்லை, விற்கவுமில்லை, படத்தை அனுப்பினேன், அவ்வளவுதான்" என்பார் சிலர். தன்னிடமுள்ள நாணயத்தின் விலை ஏறட்டும் என்று பொய்யெனத் தெரிந்தே அனுப்பினால், அந்தச் சாக்கு செல்லாது. தெரியாமல் அனுப்புகிறவரும், கேட்டதையெல்லாம் பரப்பும் குற்றத்திற்கு அஞ்ச வேண்டும்.

தாய்மார்களே, தந்தைமார்களே! பிள்ளை இதில் பணம் போட்டதாகச் சொன்னால் கோபிக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதன் பின்னால் என்ன பொருள் இருக்கிறது? இந்த இலாபம் யாருடைய பையிலிருந்து வருகிறது? உன்னை வாங்கத் தூண்டியவர் இப்போது வைத்திருக்கிறாரா, விற்றுவிட்டாரா? இரண்டாவது கேள்விக்கு, "எனக்குப் பின் ஏமாந்து வருகிறவனின் பையிலிருந்து" என்பதே பதிலானால், தவறான வழியில் பிறர் பொருளை உண்ணாதிருக்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 29-ஆம் வசனம் விதிக்கும் தடையை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலானதாகவும், நம் நாவையும் விரலையும் பிறருக்குத் தீங்கிழைக்காதவையாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.