வீட்டிலிருந்து அரசு வேலை: யாருக்கு லாபம்?



2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, மத்திய அரசு தன் 'பி', 'சி' பிரிவு ஊழியர்களில் பாதிப் பேரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது. கோப்பு கம்ப்யூட்டரில் இருந்தால்தான் இது நடக்கும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி டிஜிட்டல் கையொப்பமும் செல்லும்.

ஊழியருக்குப் பஸ் செலவும் நேரமும் மிச்சம். மக்களுக்கு?

நான் சின்னப் பையனாக இருந்தபோது ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அப்பா மூணு நாள் அலைந்தார். மூணு நாள் கூலி போச்சு. போன வருஷம் என் வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் ஒரே தடவை மனு கொடுத்தோம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று கோப்புதான் போனது. அப்பா வேலைக்குப் போனார்.

ஆனால் நில அளவைக்கும், எழுதத் தெரியாதவர் மனுவுக்கும் ஆள் நேரில் வேணும். இரண்டும் சேர்ந்தால்தான் மக்களுக்கு லாபம்!