பழைய சாமானை இணையத்தில் விற்கும்போது: வரிக்கு எதைக் காட்டுவது, வாங்குபவருக்கு எதைக் காட்டக்கூடாது

நெகிரி செம்பிலானில் லாபு, நீலாய், செண்டாயான் பக்கத்துத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவருகின்றன. லயத்தைக் காலி செய்து தாமானுக்கோ அடுக்குமாடிக்கோ போகிற குடும்பங்களிடம் புது வீட்டு வாசலில் நுழையாத மர அலமாரி, பித்தளை அண்டா, தாத்தா காலத்துத் தையல் மெஷின், ஓட்ட ஆளில்லாத ஈஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள் என்று சாமான் மிஞ்சிவிடுகிறது. முடாவிலும் கரோசெல்லிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேசிலும் இவற்றுக்கு ஆள் உண்டு. ரப்பர் பால் பிடிக்கும் மங்கு, வெட்டுக் கத்தி ஆகியவற்றையும்கூடத் தேடி வாங்கிச் சேர்க்கிறார்கள். ஆனால் விற்க நினைத்ததுமே ஒரு பயம் வந்துவிடுகிறது: “எல்.எச்.டி.என். (வருமான வரி வாரியம்) பிடித்துக்கொள்ளும்.” இந்தப் பயத்தில் பாதி வெளிநாட்டுச் செய்தி. பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் இணையச் சந்தைகள் தங்கள் விற்பனையாளர் விவரங்களைச் சேகரித்து வரித்துறைக்கு அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. அது புதிய வரி அல்ல என்று அந்த நாட்டு வரித்துறையே விளக்க வேண்டியிருந்தது. வாட்சாப்பில் பரவியது தலைப்பு மட்டும்தான். என் கணிப்பில் நம் மக்கள் பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் பயப்படுகிறார்கள். வரி வாரியம் தெரிந்துகொள்வதால் வரும் கெடுதல் குறைவு. முன்பின் தெரியாத வாங்குபவர் தெரிந்துகொள்வதால் வரும் கெடுதல் அதிகம். முதலாமவரிடம் மறைக்கப் போய் இரண்டாமவரிடம் மாட்டிக்கொள்வதுதான் நடக்கிறது.

ஆகவே படம் எடுப்பதற்கு முன்னால் சாமானை இரண்டாகப் பிரியுங்கள். நீங்கள் புழங்குவதற்காக வாங்கியவை, வீட்டில் பெரியவர்கள் விட்டுப்போனவை ஒரு பக்கம். விற்பதற்கென்றே வாங்கியவை மறுபக்கம். 1,800 வெள்ளிக்கு வாங்கிய சோபாவை 300க்குத் தள்ளிவிடுவதில் லாபமே இல்லை, வரி எங்கிருந்து வரும்? பாட்டியின் பித்தளை விளக்கு எதிர்பாராத விலைக்குப் போனாலும் அது சொந்த உடைமையை விற்ற பணம், வியாபார வருமானம் ஆகாது. மலேசியாவில் தனிநபர் நிலத்தையோ வீட்டையோ விற்றால்தான் சொத்து லாப வரி. வீட்டுச் சாமானுக்கு அப்படி ஒன்று கிடையாது. ஆனால் பக்கத்து லயங்களில் காலி செய்கிறவர்களிடம் அண்டா, மங்கு, அலமாரி என்று வாங்கி, துலக்கி, சாயம் பூசி விற்றால் கதை வேறு. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் ‘வியாபாரம்’ என்பதற்குள் வணிகத் தன்மையுள்ள ஒற்றை முயற்சியையும் சேர்க்கிறது. எத்தனை முறை விற்றீர்கள், எவ்வளவு நாள் வைத்திருந்தீர்கள், மெருகேற்றினீர்களா, வாங்கும்போதே விற்கும் எண்ணம் இருந்ததா என்று பார்ப்பார்கள். விளம்பரத்தில் ‘சொந்த உபயோகத்தில் இருந்தது’ என்று எழுதிவிட்டால் தப்பிக்க முடியாது.

இரண்டாவது பக்கம் உங்களுடையது என்றால் நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில், தொடங்கிய 30 நாளுக்குள் வியாபாரப் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. பழைய பொருளை வாங்கி விற்பதையே தொழிலாக வைத்தால் 1946ஆம் ஆண்டிலிருந்தே உரிமம் கேட்கும் தனிச் சட்டம் இருக்கிறது. போலீஸ் நிலையத்தில் கேட்டுவிடுங்கள், திருட்டுச் செம்புக் கம்பி விவகாரத்தில் பெயர் அடிபடாமல் இருக்கும். வரிக்கு, சம்பளக்காரரின் பிஇ படிவத்துக்குப் பதில் பி படிவம். தாளில் என்றால் ஜூன் 30க்குள். சரி, எவ்வளவு கட்ட வேண்டிவரும்? மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்குபவருக்கு ஆண்டுக்கு 20,400. தனிநபர் கழிவு 9,000, இபிஎஃப் 2,244 போக மிஞ்சுவது 9,156. பழைய சாமான் வியாபாரத்தில் செலவு போக மாதம் 500 வெள்ளி லாபம் என்று வைத்தால் 15,156. முதல் 5,000க்கு வரி இல்லை, மிச்சத்துக்கு நூற்றுக்கு ஒன்று: ஏறக்குறைய 102 வெள்ளி. இந்த வருமானத்தில் 400 வெள்ளி தள்ளுபடி உண்டு என்பதால் கட்ட வேண்டியது பூஜ்யம். படிவம் போடாமல் இருந்து குற்றம் நிரூபணமானால் அபராதம் மட்டும் 200 முதல் 20,000 வரை. கணக்கு யார் பக்கம் சாய்கிறது என்று நீங்களே பாருங்கள்.

“காட்டினால் எஸ்டிஆர் போய்விடுமே” என்பார்கள். இது நியாயமான கவலை. குடும்பத்தின் மாத வருமானம் 2,500ஐத் தாண்டினால் உதவித்தொகை குறைகிறது, 5,000ஐத் தாண்டினால் நின்றுபோகிறது. விளிம்பில் இருக்கிற குடும்பத்துக்கு அந்த 500 வெள்ளி உண்மையிலேயே இடிக்கும். இடிக்காது என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் சேர்வது லாபம் மட்டுமே. கைக்கு வந்த மொத்தப் பணத்தையும் வருமானம் என்று எழுதிக்கொடுத்து வீணாக வரம்பைத் தாண்டுகிறவர்கள், வாங்கிய விலைக்கும் லாரி வாடகைக்கும் சாயத்துக்கும் ரசீது வைக்காதவர்கள்தான்.

அதற்காகவே ஒரு நோட்டு. தேதி, பொருள், எங்கிருந்து வந்தது, வாங்கிய விலை, விற்ற விலை, பணம் வந்த வழி. விற்பதற்கென்று வாங்காத சொந்தச் சாமானுக்கும் இதைச் செய்யுங்கள்: அலமாரி லயத்து வீட்டில் இருக்கும் பழைய குடும்பப் படம் ஒன்று போதும், அது உங்கள் சொத்து என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. வியாபாரக் கணக்கை 7 ஆண்டு வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. தேர்மல் தாள் ரசீது அதற்குள் வெளுத்துவிடும், படம் எடுத்து வையுங்கள்.

இனி வாங்குபவர் பக்கம். மைகார்ட் எண்ணின் 12 இலக்கத்தைப் பாருங்கள்: முதல் ஆறும் பிறந்த தேதி, அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம் (நமக்கு 05), கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டையானால் பெண். அந்த ஓர் எண்ணில் இவ்வளவு வெளியே போகிறது. அதனால் ஈஎக்ஸ்5ஐ விற்கும்போது கிரானை (வண்டிப் பதிவுச் சான்று) படமெடுத்து விளம்பரத்தில் போடாதீர்கள். பெயர், ஐசி, முகவரி மூன்றும் அதில் இருக்கும். ஜேபிஜேயில் பெயர் மாற்றும் நாளில் நேரில் காட்டினால் போதும். பெயர் மாற்றாமல் வண்டியைக் கொடுத்தால் சம்மன் உங்கள் பெயருக்கு வரும் என்பது தனித் தொல்லை. வீட்டு வாசலையும் கதவு எண்ணையும் படத்தில் சேர்க்காதீர்கள். கைபேசிக் கேமராவில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். நகரத்துத் தாமானில் ‘சிரம்பான்’ என்று போட்டால் ஆயிரம் வீட்டில் ஒன்று. தோட்டத்தின் பெயரைப் போட்டு அலமாரியையும் காட்டினால் இருபது வீட்டில் ஒன்று, அதுவும் எல்லோருக்கும் தெரிந்த வீடு. கையளிப்பதற்குப் பகாவிலோ சிரம்பானிலோ ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் நிலையம் நல்லது.

பணம் உங்கள் சொந்தக் கணக்குக்கே வரட்டும். வரிக்குப் பயந்து மச்சானின் கணக்கு எண்ணைக் கொடுப்பதும், அவர் கேட்டார் என்று உங்கள் கணக்கை இரவல் கொடுப்பதும் தோட்டப்புறத்தில் சகஜமாகிவிட்டது. 2024இல் திருத்திய குற்றவியல் சட்டம் கணக்கை இரவல் விடுவதைத் தனிக் குற்றமாகவே ஆக்கியிருக்கிறது. டூயிட்நவ்வை ஐசி எண்ணில் பதியாமல் தொலைபேசி எண்ணில் பதியுங்கள். ‘பணம் அனுப்பிவிட்டேன், இந்த லிங்கை அழுத்திப் பெற்றுக்கொள்ளுங்கள்’ என்று வந்தால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். பணம் பெறுவதற்கு எந்த லிங்கும் ஓடிபியும் தேவையில்லை.

ஷோப்பி போன்ற தளம் ஐசியும் வரி எண்ணும் கேட்டால் செயலிக்குள் கொடுக்கலாம், வாட்சாப்பில் கேட்டால் கூடாது. நகல் கொடுக்க நேர்ந்தால் எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன் மேலேயே எழுதுங்கள். ‘தளம் அரசாங்கத்திடம் கொடுத்துவிடுமே’ என்றால், ஆம், முடியும்: வருமான வரிச் சட்டத்தின் 81ஆம் பிரிவு தகவல் கேட்கும் அதிகாரத்தைத் தருகிறது, 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வரி வசூலுக்கு விலக்களிக்கிறது. அந்தத் தகவலை வாரியம் ரகசியமாக வைக்க வேண்டும் என்று 138ஆம் பிரிவு இருக்கிறது. உண்மையில் வியாபாரிக்குத்தான் அந்தரங்கம் குறைவு: இணையத்தில் வியாபாரமாக விற்பவர் தன் பெயர், தொடர்பு விவரங்களை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும்; எஸ்எஸ்எம்மில் யாரும் கட்டணம் கட்டிப் பதிவு விவரத்தை எடுக்கலாம். சேர்ந்துபோன சாமானை விற்பவருக்கு இந்தக் கடமை இல்லை. ஆகவே அவசரப்பட்டு வியாபாரியாகப் பதிந்துகொள்ளவும் வேண்டாம்.

பல தோட்டங்களில் கடிதம் ஆபீசுக்கே வருகிறது. லயம் இடிந்த பிறகும் ஐசியில் பழைய முகவரிதான் இருக்கும். வரி வாரியத்தின் மைடெக்ஸ் தளத்தில் புது முகவரியையும் மின்னஞ்சலையும் மாற்றிவிட்டால் உண்மையான கடிதம் தவறாது. ‘இணைய விற்பனைக்கு வரி பாக்கி, உடனே கட்டாவிட்டால் கைது’ என்று தொலைபேசியில் மிரட்டினால் அது வாரியம் அல்ல. வரியைத் தனியார் கணக்கில் போடச் சொல்வதும் அதன் வழக்கமில்லை. வைத்துவிட்டு 03-8911 1000க்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். மோசடியில் பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண் 997ஐ அழையுங்கள்.