பழைய குட்டி யானையை வீட்டிலேயே பராமரிக்கலாம்



காய்கறி, பால் கேன், பந்தல் சாமான் எதுவானாலும் நம்ம ஊர்களில் குட்டி யானைதான். வாடகைக்குக் கூப்பிட்ட காலம் போய், குழுக் கடனில் சொந்தமாக வாங்கி ஓட்டுகிற உறுப்பினர்களும் இப்போ இருக்காங்க. புது வண்டிக்குக் கை எட்டாததால் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடின வண்டியைத்தான் பலரும் வாங்குகிறோம். வண்டி பட்டறையில் ஒரு வாரம் நின்றால் வருமானம் நிற்கும், தவணை நிற்காது. அதனால் எதை நாமே வாசலில் செய்யலாம், எதை மெக்கானிக்கிடம் விடணும், எதில் கையே வைக்கக் கூடாது என்று இந்த இதழில் பார்ப்போம்.

டாடா ஏஸ் 2005-ல் வந்தது. முதலில் வந்த வண்டிக்கு இரண்டு சிலிண்டர், சுமார் 700 சிசி டீசல் என்ஜின், 16 குதிரைத் திறன். அவ்வளவு சின்ன என்ஜின்தான் முக்கால் டன்னை இழுக்குது. அதுவும் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சூடுதான் இதற்கு முதல் எதிரி.

காலையில் பத்து நிமிஷம்

வண்டியைக் கிளப்பும் முன், என்ஜின் ஆறி இருக்கும்போதே கூலன்ட் அளவைப் பாருங்க. ஓடி வந்த சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றுவது நம்ம வழக்கம். அந்த உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். அப்புறம் சூடு ஏறி ஹெட் கேஸ்கட் போகும். கூலன்ட் டப்பாவுக்குக் கணக்குப் பார்த்தால் என்ஜின் வேலைக்குக் கடன் வாங்க வேண்டி வரும்.

சமதரையில் நிறுத்தி ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்க. கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், டீசல் வண்டியில் அது சகஜம். பால் கலந்த காபி மாதிரி இருந்தால் மட்டும் வண்டியை எடுக்காதீங்க. ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கு என்று அர்த்தம். உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

ஏர் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றி மெதுவாகத் தட்டினால் போதும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசினால் கெட்டுப்போகும். டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரையும் அவ்வப்போது திறந்து விடணும். ஃபில்டர் மாற்றின பிறகு வண்டி கிளம்பவில்லை என்றால் பெரும்பாலும் ஏர் பிடித்திருக்கும். கை பம்ப்பை அழுத்தி ஏர் எடுப்பதை மெக்கானிக்கிடம் ஒரு தடவை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்க. நடுவழியில் உதவும்.

பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் முதலில் மைனஸ் முனையைக் கழற்றுங்க, பிறகு பிளஸ். வெந்நீர் ஊற்றித் தேய்த்து, துடைத்து, வாசலின் தடவுங்க. மாட்டும்போது பிளஸ் முதலில்.

துருவை விடாதீங்க

காய்கறி ஈரம், பால் சிந்தல், மீன் உப்பு எல்லாம் பின்தளத்தைத் தின்றுவிடும். ரப்பர் பாய் விரித்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். அதற்கடியில் தேங்கும் தண்ணீர்தான் ஓட்டை போடுது. வாரம் ஒருநாள் பாயைத் தூக்கி, தளத்தைக் கழுவி, வெயிலில் காய விடுங்க. துரு தெரிந்தால் கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், காய்ந்ததும் பெயிண்ட். கோலம் போடுகிற கைக்கு இது பெரிய வேலையே இல்லை! சேஸிஸில் துரு ஏறியிருந்தால் மட்டும் மேலே பெயிண்ட் அடித்து மறைக்காமல் மெக்கானிக்கிடம் காட்டணும்.

சக்கரம் கழற்றும்போது மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது, வீட்டு ஆண்களும்தான். பிரேக் ஆயில் அளவை நீங்க பார்க்கலாம். குறைந்துகொண்டே போனால் எங்கோ கசியுது, அந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம்.

மாற்றி அமைப்பதில் ஜாக்கிரதை

“ரெண்டு பிளேட் சேர்த்துப் போட்டா இன்னும் அரை டன் ஏத்தலாம்க்கா” என்று சொல்வாங்க. ஸ்பிரிங் தாங்கும். பிரேக்கும் டயரும் ஆக்சிலும் பழைய அளவுக்குத்தானே இருக்கு? இறக்கத்தில் வண்டி நிற்காது. ஆர்.சி. புக்கில் மொத்த எடையிலிருந்து வண்டி எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்க ஏற்ற வேண்டிய பாரம். 750 கிலோ என்று வந்தால், 25 கிலோ தக்காளிப் பெட்டி 30 தான். கூட வருகிற ஆளின் எடையையும் அதில் கழிக்கணும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்திய சட்டத்தில், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லையேல் ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். விபத்து நடந்தால் இழப்பீட்டைத் தட்டிக்கழிக்க காப்பீட்டுக் கம்பெனிக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும். பாடியின் உயரம், நீளம் மாற்றுவதாக இருந்தால் வெல்டிங் பட்டறைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்க. தார்ப்பாய், கயிறு, சீட் உறை, தளத்தில் மரப்பலகை, இதெல்லாம் தாராளமாகச் செய்யலாம்.

எட்டு வருஷம் தாண்டின வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்கணும். ஒரு மாதம் முன்பே லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், டயர் எல்லாம் பார்த்துவிடுங்க. ஒளிரும் ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. கடைசி நாளில் ஓடினால் கேட்கிற கூலியைக் கொடுக்க வேண்டி வரும்.

டிரைவர் சம்பளம் கட்டுபடியாகாத உறுப்பினர்களுக்கு ஒரு செய்தி. கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸ் இருந்தால், 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டத் தனி அனுமதி தேவையில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. குட்டி யானை அதற்குள் அடங்கும்.