தலைக்காயமும் ஒரு துளி இரத்தமும்

தலையில் அடிபட்ட ஒருவரை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு வந்தவுடன் உறவினர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஸ்கேன் எடுத்தாச்சா டாக்டர்?" என்பதுதான். மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். வகுப்புக்கும் விடுதிக்கும் மோட்டார் சைக்கிளில் ஓடும் மாணவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! ஆகவே இக்கேள்வி நமக்கு அந்நியமானதன்று.

ஸ்கேன் எடுக்குமுன் சிறிது இரத்தத்தைச் சோதித்து, மண்டைக்குள் கசிவு இல்லை என்று சொல்லிவிட முடியுமா? கடந்த பல ஆண்டுகளாக நடந்துவரும் இந்த ஆராய்ச்சியைப் பற்றித்தான் எழுத விழைகிறேன். மருத்துவம் பயிலாத நண்பர்களும் படிக்க வேண்டும் என்பதால் கணக்கைச் சற்று விரித்தே சொல்கிறேன். மருத்துவ மாணவர்கள் பொறுத்தருள்க.

மூளையிலிருந்து கசியும் புரதங்கள்

உடலுக்குள் நிகழும் ஒரு மாற்றத்தை அளந்து காட்டும் பொருளை உயிர்க்குறிப்பான் என்கிறோம். மாரடைப்பில் இதயத் தசை சிதையும்போது டிரோபோனின் என்னும் புரதம் இரத்தத்தில் கலக்கிறது. அதை அளந்து மாரடைப்பை உறுதிசெய்கிறோம். மூளைக்கும் ஒரு 'டிரோபோனின்' கிடைக்காதா என்பது அவசரச் சிகிச்சை மருத்துவர்களின் நெடுநாள் ஏக்கம்.

முதலில் பெயர்பெற்றது எஸ்100பி என்ற புரதம். ஸ்காண்டிநேவிய நாடுகளின் மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட தலைக்காய வழிகாட்டியில் அதற்கு இடமளித்தனர். ஆனால் இப்புரதம் மூளைக்கு மட்டும் சொந்தமானதன்று. கொழுப்புத் திசுவிலும், தோலுக்கு நிறம் தரும் அணுக்களிலும் உண்டு. எலும்பு முறிந்தாலும் இரத்தத்தில் ஏறும். கறுத்த தோலுடையவர்களிடம் இதன் இயல்பான அளவே சற்று அதிகம் என்றும் கண்டிருக்கிறார்கள். வெள்ளையரிடம் அளந்து வகுத்த எல்லைக்கோட்டை நம்மீது அப்படியே பொருத்தினால், மூளையில் அடிபடாதவருக்கும் அடிபட்டதாக முடிவு வரக்கூடும். வேறு நாட்டில் எடுத்த அளவைக் கேள்வியின்றி இறக்குமதி செய்யலாகாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பின்னர் வந்தவை இரண்டு. ஜி.எஃப்.ஏ.பி. என்பது மூளை நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் நட்சத்திர வடிவ அணுக்களில் உள்ள புரதம். யு.சி.எச்.-எல்1 நரம்பணுக்களுக்குள்ளேயே இருப்பது. அடிபட்ட ஒரு மணி நேரத்திற்குள் இரண்டையும் இரத்தத்தில் காண முடிகிறது. யு.சி.எச்.-எல்1 ஏறக்குறைய 8 மணி நேரத்தில் உச்சம் தொட்டு இறங்கிவிடும், ஜி.எஃப்.ஏ.பி. 20 மணி நேரமளவில் உச்சத்தை அடைந்து மெல்லக் குறையும். ஒன்று விரைந்து வருகிறது, மற்றொன்று நின்று நிதானிக்கிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்து அளக்கிறார்கள்.

1959 பேரின் கணக்கு

இந்த இரட்டைச் சோதனையை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 22 இடங்களில் சோதித்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இச்சோதனைக்கு அனுமதி வழங்கியது. "மூளைக்காயத்தைக் கண்டுபிடிக்கும் இரத்தச் சோதனை" என்ற பாணியில் செய்திகள் வந்தன. அது சரியான விவரிப்பன்று என்பது என் கருத்து. ஏன் என்பதை எண்களே சொல்லட்டும்.

அடிபட்ட 12 மணி நேரத்திற்குள் இரத்தம் எடுக்கப்பட்ட 1959 பேரின் முடிவுகள் அலசப்பட்டன. அனைவருக்கும் சி.டி. ஸ்கேனும் எடுக்கப்பட்டது. ஸ்கேனில் மண்டைக்குள் காயம் தெரிந்தவர்கள் 125 பேர். அதாவது நூற்றுக்கு ஆறு பேர். இரத்தச் சோதனையில் 1288 பேருக்கு 'உண்டு' என்றும் 671 பேருக்கு 'இல்லை' என்றும் முடிவு வந்தது.

'இல்லை' என்று வந்த 671 பேரில் ஸ்கேனில் காயம் இருந்தவர்கள் மூவர் மட்டுமே. அறுவைச் சிகிச்சை தேவைப்படக்கூடிய காயம் கொண்ட எண்மரில் ஒருவரையும் சோதனை தவறவிடவில்லை. பாராட்டத்தக்க முடிவுதான். இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். 'உண்டு' என்று வந்த 1288 பேரில் உண்மையிலேயே ஸ்கேனில் காயம் தெரிந்தவர்கள் 122 பேர். மீதி 1166 பேருக்கு ஒன்றும் தெரியவில்லை!

சிறுகண் வலையை வீசும் மீனவருக்கு ஒரு மீனும் தப்பாது. ஆனால் குப்பையும் தழையும் சேர்ந்தே வரும். இச்சோதனையும் அத்தகைய வலை. 'உண்டு' என்றால் காயம் உறுதி என்று பொருளில்லை, ஸ்கேன் எடுத்துப் பார் என்றுதான் பொருள். 'இல்லை' என்ற விடைக்குத்தான் மதிப்பு. அந்த 671 பேர், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கினர், ஸ்கேனைத் தவிர்த்திருக்கலாம். ஒரு தலை ஸ்கேனில் கிடைக்கும் கதிர்வீச்சு ஏறக்குறைய 2 மில்லிசீவர்ட். ஒருவருக்கு அது பெரிதன்று. ஆனால் ஸ்கேன் கருவி இல்லாத சிறு மருத்துவமனையிலிருந்து நள்ளிரவில் ஆம்புலன்சில் ஏற்றி நகரத்திற்கு அனுப்புவதைத் தவிர்க்க முடிந்தால், அதன் பயன் கதிர்வீச்சைவிடப் பெரிது. 2018இல் முடிவு வர மூன்று, நான்கு மணி நேரம் ஆனது. 2024இல் அனுமதி பெற்ற கையடக்கக் கருவிக்குச் சுமார் 15 நிமிடம் போதும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இளம் ஆய்வாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆய்வில் காயமுற்றோர் நூற்றுக்கு ஆறு பேர்தாம். இதே சோதனையை, நூற்றுக்கு 30 பேருக்குக் காயம் இருக்கும் ஓர் இடத்தில் பயன்படுத்துவதாகக் கொள்வோம். ஆயிரம் பேரில் 300 பேருக்குக் காயம்; சோதனை அவர்களில் சுமார் 7 பேரைத் தவறவிடும். காயமற்ற 700 பேரில் சுமார் 255 பேருக்கு 'இல்லை' என்று வரும். ஆக 'இல்லை' என்று சொல்லப்பட்ட 262 பேரில் 7 பேருக்குக் காயம் இருக்கிறது: ஏறத்தாழ 37 பேருக்கு ஒருவர். மூல ஆய்விலோ 224 பேருக்கு ஒருவர். சோதனை மாறவில்லை, எல்லைக்கோடும் மாறவில்லை. வாசலில் வந்து நிற்கும் நோயாளிகள்தாம் மாறினார்கள்.

ஆறு மாதம் கழித்து

ஸ்கேன் சுத்தமாக இருப்பதும் நோயாளி நலமாக இருப்பதும் ஒன்றல்ல. மூளை அதிர்ச்சிக்கு ஆளானவர்கள் பலரின் ஸ்கேனில் எதுவுமே தெரியாது. ஆனால் வாரக்கணக்கில் தலைவலியும் மறதியும், புத்தகத்தைத் திறந்தால் மனம் நில்லாமையும் தொடரலாம். நாளை இவர் என்ன ஆவார் என்பதை இப்புரதங்கள் சொல்லுமா?

அமெரிக்காவில் 1696 பேரை ஆறு மாதம் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2022இல் வெளியானது. இறந்தவர் ஒருவரையும் பிழைத்தவர் ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுங்கள். அடிபட்ட நாளன்று இறந்தவரின் ஜி.எஃப்.ஏ.பி. அளவே அதிகமாக இருந்திருக்கும் வாய்ப்பு 0.87. நாணயத்தைச் சுண்டினால் 0.5. ஆக, மரணத்தை முன்னறிவதில் இப்புரதம் நன்றாகவே செயல்படுகிறது. ஆனால் முழுமையாகக் குணமடையாதவர் யார் என்று கேட்டால் அந்த எண் 0.62க்கு இறங்கிவிடுகிறது. நாணயத்தைவிட ஏதோ கொஞ்சம் மேல், அவ்வளவே.

நம் மாணவர்களில் அடிபடுவோர் பலரும் இந்த இரண்டாம் கேள்விக்கு உரியவர்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அடுத்த பருவத் தேர்வை எழுத முடியுமா என்பது தெரியாது. இரத்தத் துளி அங்கே மௌனமாகிவிடுகிறது.

அந்த விடையைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். தலைக்காய ஆய்வுகளில் நோயாளியின் நலத்தை எட்டுப் படிகளாகப் பிரித்து மதிப்பிடும் கிளாஸ்கோ அளவுகோல் ஒன்று உண்டு. முதற்படி மரணம், எட்டாம் படி முழு நலம். கடைத்தெருவுக்குத் தனியே போகிறாரா, பழைய வேலையைச் செய்கிறாரா, வீட்டாரோடு எரிந்து விழுகிறாரா என்றெல்லாம் கேட்டு, பெரும்பாலும் தொலைபேசி வழியாகவே எண்ணிடுவார்கள். நானும் அப்படி அழைத்துக் கேட்டிருக்கிறேன். தமிழ்க் குடும்பங்களில் "எப்படி இருக்கிறார்?" என்று கேட்டால், "பரவாயில்லை டாக்டர், நல்லா இருக்கான்" என்ற பதில்தான் முதலில் வரும். உயிர் பிழைத்ததே பெரிது என்ற நன்றியும், டாக்டரிடம் குறை சொல்லக்கூடாது என்ற மரியாதையும் கலந்த சொல் அந்தப் 'பரவாயில்லை'. அதை நம்பி எட்டாம் படியில் குறித்துவிட்டால் புரதக் கணக்கு முழுவதும் பிசகிவிடும்.

"முன்பு போலவே ஓவர்டைம் செய்கிறாரா அம்மா? சம்பளக் கணக்கை அவரே பார்க்கிறாரா? தம்பிமாரிடம் முன்பெல்லாம் இப்படிக் கோபப்படுவாரா?" என்று கேட்கும்போதுதான் பேச்சு சற்று நின்று, பிறகு உண்மை வெளிவரும். மருத்துவ ஆய்வுகளுக்கு வினாத்தாள்களை மொழிபெயர்க்கும் பணி வரும்போது, அகராதியைப் பார்த்து "உங்கள் சமூக ஈடுபாடு பாதிக்கப்பட்டுள்ளதா?" என்று எழுதிவைக்காமல், வீட்டில் பேசும் தமிழில் இக்கேள்விகளை எழுதித் தர நம் தமிழ்ப் பேரவை மாணவர்கள் முன்வரலாம். ஆளும் கிடைப்பதில்லை, கேட்பாரும் இல்லை என்ற நிலையில்தான் அந்த வேலை பல ஆய்வுகளில் கிடக்கிறது.