கீரைக்காரம்மாவின் குரல்

பெங்களூரில் ஒரு தெரு. காலை ஏழு மணிக்கு அங்கே ஒரு குரல் கேட்கும். "சொப்பு... கீரே..." என்று அது நீளும். குரல் கேட்டதும் பெண்கள் வாசலுக்கு வருவார்கள்.

குரலுக்கு உரியவரை எல்லாரும் கீரைக்காரம்மா என்றே கூப்பிடுவார்கள். தருமபுரிப் பக்கம் இருந்து பிழைக்க வந்தவர். விடியும் முன்பே மார்க்கெட்டில் கீரைக்கட்டு எடுப்பார். தள்ளுவண்டியில் அடுக்குவார். தண்டுக்கீரை, வெந்தயக்கீரை, புதினா, கொத்தமல்லி எல்லாம் இருக்கும். கன்னடக்காரர் வீட்டு வாசலில் "சொப்பு" என்பார். தமிழர் வீட்டு வாசலில் "கீரை" என்பார். மூன்றாவது மாடிக்கும் கேட்க வேண்டுமே! அதனால் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார்.

தீபாவளி சமயம் அவருக்குச் சளி பிடித்தது. குரல் கம்மியது. மிளகுக் கஷாயம் குடித்தார். பனங்கற்கண்டு சுவைத்தார். சளி போய்விட்டது. கம்மல் போகவில்லை. காலையில் கொஞ்சம் குரல் வரும். பத்து மணிக்கு மேல் வெறும் காற்றுதான் வரும். பொங்கல் வந்தது. அப்போதும் அப்படியே இருந்தது. மாடி வீடுகளுக்குக் குரல் எட்டவில்லை. கட்டுகள் மீந்தன. மீந்த கீரை மறுநாள் வாடிவிடும். வாங்கிய கடன் வாடுமா?

"ஆஸ்பத்திரிக்கு வாம்மா" என்று மகள் பலமுறை கூப்பிட்டாள்.

"ஒண்ணுமில்ல, தானா சரியாயிடும்" என்றார் அம்மா.

உண்மையில் அவருக்குப் பயம். அவருடைய பெரியப்பா தொண்டைப் புற்றுநோயில் இறந்தவர். அவருக்கும் முதலில் குரல்தான் கம்மியது. 'போனால் அதைத்தான் சொல்வார்கள்' என்று பயந்தே மூன்று மாதம் ஓடிவிட்டது.

இந்தப் பயத்தை யாரும் கேலி செய்யக் கூடாது. குரல்வளைப் புற்றுநோய் கம்மலில் தொடங்குவது உண்டு. ஆனால் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். அதனால் பயப்படுகிறவர்தான் முதலில் போக வேண்டும். கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சுத் திணறல், விழுங்க முடியாமை, எச்சிலில் ரத்தம், கழுத்தில் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மூன்று வாரம் காத்திருக்கக் கூடாது. பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஒரு நாள் மகள் கார்மெண்ட்ஸ் வேலைக்கு லீவு போட்டாள். அம்மாவை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். பெஞ்சில் பக்கத்தில் ஒரு பஸ் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் குரல் இல்லை.

டாக்டருக்குத் தமிழும் தெரிந்தது. மெல்லிய குழாய் ஒன்றைத் தொண்டைக்குள் விட்டார். அதன் நுனியில் கேமரா. உள்ளே இருப்பது டிவி மாதிரி ஒரு திரையில் தெரிந்தது. இந்தக் கருவி வருவதற்கு முன்பு கண்ணாடியை வைத்துத்தான் பார்த்தார்கள். அந்த வழியை உலகுக்குக் காட்டியவர் டாக்டர் அல்ல. அவர் ஒரு பாட்டு வாத்தியார்! மானுவல் கார்சியா என்று பெயர். 1854-ல் சின்னக் கண்ணாடியைத் தன் வாய்க்குள் வைத்து, தன் குரல் நாண்களைத் தானே பார்த்தார்.

குரல் நாண் என்றால் என்ன? உங்கள் கையைத் தொண்டையின் முன்பக்கம் வையுங்கள். வாயை மூடிக்கொண்டு "ம்..." என்று சொல்லுங்கள். அதிர்கிறதா? அங்கேதான் குரல்வளை இருக்கிறது. அதற்குள் இரண்டு மெல்லிய மடிப்புகள் உண்டு. அவைதாம் குரல் நாண்கள். மூச்சு விடும்போது இரண்டும் விலகி வழி விடும். பேசும்போது நெருங்கி வரும். நெஞ்சிலிருந்து வரும் காற்று அவற்றை அதிரச் செய்யும். ஒரு பெண் சாதாரணமாகப் பேசும்போது நாண்கள் ஒரு நொடியில் சுமார் 200 தடவை மோதும். கத்தினால் இன்னும் அதிகம், இன்னும் வேகம்.

"மம்மட்டி பிடிச்சவங்க கையைப் பார்த்திருக்கீங்களா, அம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"காய்ச்சுப் போயிருக்குங்க."

"உங்க நாண்லயும் அதேதான். ரெண்டு நாணும் ஒரே இடத்துல மோதி மோதிக் காய்ப்பு விழுந்திருக்கு. அதனால நாண் சரியா மூடல. இடைவெளியில காத்து ஒழுகுது."

திரையில் இரண்டு சிறு புடைப்புகள் எதிர் எதிராகத் தெரிந்தன.

"இது... அதுங்களா, டாக்டர்?" அம்மாவுக்கு வார்த்தை வரவில்லை.

"புத்துநோய் இல்லம்மா. இந்தக் காய்ப்பு புத்துநோயா மாறவும் மாறாது."

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கண்டக்டரின் கதை வேறு. அவர் கபடிப் போட்டி பார்க்கப் போய் இரவெல்லாம் கூச்சல் போட்டார். மறுநாள் குரல் போய்விட்டது. கத்திய வேகத்தில் நாணில் ஒரு சின்ன ரத்தக் குழாய் உடைந்திருந்தது. அந்த இடத்தில், ஒரு பக்கம் மட்டும், கொப்புளம் போல ஒரு வளர்ச்சி வந்துவிட்டது. இதை டாக்டர்கள் பாலிப் என்பார்கள். சின்னதாக இருந்தால் ஓய்விலேயே சுருங்கலாம். பெரிதானால் ஆபரேஷன் செய்வார்கள். மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகவே எடுப்பார்கள். கழுத்தில் கத்தி படாது. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பிறகு சில நாள் பேசவே கூடாது.

"எனக்கும் வெட்டி எடுத்துடுங்களேன். சீக்கிரம் வேலைக்குப் போகணும்" என்றார் அம்மா.

டாக்டர் தலையாட்டினார். காய்ப்புக்கு முதல் வைத்தியம் கத்தி அல்ல, பயிற்சி. வெட்டிய பின்னும் கத்திக்கொண்டே இருந்தால் காய்ப்பு மறுபடி வரும். நாணில் தழும்பு விழுந்தால் குரல் கரகரப்பாகவே நின்றுவிடவும் கூடும்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் பக்கத்து அறையில் இருந்தார். மைசூரில் மத்திய அரசின் பேச்சு, கேட்டல் நிறுவனத்தில் படித்தவர். தொண்டையை இறுக்காமல் மூச்சை விட்டுப் பேசக் காட்டினார். அடிக்கடி தண்ணீர் குடிக்கச் சொன்னார். தொண்டையைச் செருமாமல் ஒரு வாய் தண்ணீர் விழுங்கச் சொன்னார். கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு ஆகாது, அதுவும் நாணை இறுக்கலாம் என்றார். நெஞ்செரிச்சல் இருப்பதால், சாப்பிட்ட உடனே படுக்க வேண்டாம் என்றார். பீடிப் புகை பக்கத்தில் உட்காரவும் கூடாது. (அன்று முதல் வீட்டுக்காரரின் பீடி தெருமுனைக்குப் போனது.)

"கஷாயம் குடிச்சேனே, ஏன் கேக்கல?" என்று அம்மா கேட்டார்.

"நாம விழுங்கறது நாண் மேல படறதே இல்லம்மா. பட்டா புரையேறிடும். இதமா இருக்கும், அவ்வளவுதான்."

கடைசியில் அவர், "இனிமேல் கத்தாதீங்க" என்றார்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. "கத்தாம எப்படிம்மா கீரை விக்கிறது? நீ வந்து விப்பியா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. யோசித்தார். "வண்டியில மணி கட்டலாமே?"

மணி கட்டினார்கள். குழந்தைகள் ஐஸ் வண்டி என்று ஓடி வந்தார்கள். கீரையைப் பார்த்து அழுதார்கள்.

பிறகு மகள் ஒரு சின்ன ஒலிபெருக்கி வாங்கி வந்தாள். பேச்சைப் பதிவு செய்தால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லும். பழைய பேப்பர்காரர்கள் வைத்திருப்பார்களே, அது போல. அம்மாவின் குரல் இன்னும் தேறவில்லை. அதனால் மகளே பேசினாள். "சொப்பு... கீரே..." வண்டி முன்பு போலவே தெருவில் போனது.

அம்மா வாரம் ஒரு நாள் பயிற்சிக்குப் போனார். தினமும் வீட்டிலும் செய்தார். நடுவில் இரண்டு வாரம் சலித்துப்போய் விட்டுவிட்டார். கம்மல் திரும்பியது. மறுபடி போனார். மூன்று மாதம் கழித்து டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். புடைப்புகள் நன்றாகச் சுருங்கியிருந்தன.

மறுநாள் காலை ஏழு மணி. மாடி வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

"யாரோ சின்னப் பொண்ணு குரல் கேக்குதே, கீரைக்காரம்மா வரலையா?"

அம்மா ஒலிபெருக்கியை நிறுத்தினார். படியேறி மேலே போனார். "நான்தாங்க. வெந்தயக்கீரை ரெண்டு கட்டு போதுங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டார். குரல் கம்மவில்லை.