உயிரியல் படிக்க எவ்வளவு கடன் வாங்கலாம்?

காரைக்கால்

அன்புள்ள நிவேதா,

நீட் மதிப்பெண்ணைப் பற்றி நான் எழுதப்போவதில்லை; வீட்டில் அதைப் பேசித் தீர்த்திருப்பார்கள். நீ அனுப்பிய கட்டணத் தாளைப் பார்த்தேன். சென்னையில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், பி.டெக். பயோடெக்னாலஜி, நான்கு வருடம். ஏழரை லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமலே கல்விக் கடன் கிடைக்கும் என்று உன் அப்பா சொன்னாராம். கிடைக்கும்தான். வாங்கலாமா என்பது வேறு கேள்வி. வங்கியில் கடன் மேசையிலேயே தலை நரைத்தவன் நான், கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன்.

வருடத்துக்கு 1,87,500 வீதம் நான்கு முறை வங்கி கல்லூரிக்குப் பணம் கட்டுகிறது, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள். படிக்கும் நான்கு வருடமும் அதற்குமேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். மாரட்டோரியம் என்பார்கள். வட்டி மட்டும் அந்த ஐந்து வருடமும் ஓடும். தனி வட்டியாகப் போட்டாலே 2,62,500 ஆகிவிடுகிறது. அசலோடு சேர்த்தால் 10,12,500. இதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் 13,380 ரூபாய் வேண்டும். பதினைந்து வருடமாக நீட்டினால் மாதம் 10,880. ஆனால் மொத்தத்தில் பத்தொன்பதரை லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் என்றால் மாரட்டோரிய வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் ஒன்று உண்டு. அதற்குக் கல்லூரிக்கும் படிப்புக்கும் நிபந்தனைகள் இருக்கின்றன. சேரும் முன்பே வங்கியில் விசாரித்துக்கொள். சேர்ந்த பிறகு கேட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக் கூடாது என்பது என் கணக்கு. இது வங்கி விதி இல்லை, மாமா விதி. அப்படிப் பார்த்தால் 13,380 கட்ட மாதம் 67,000 சம்பளம் வேண்டும். உயிரியலில் இளநிலைப் பட்டத்தோடு வெளியே வருகிறவருக்கு அந்தச் சம்பளத்தை யார் தருகிறார்கள்?

இந்தப் படிப்பின் சுபாவமே அப்படித்தான். சம்பாத்தியம் தாமதமாகத்தான் வரும். கேந்திரிய வித்யாலயாவில் பிளஸ் டூ உயிரியல் ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 47,600. அதற்கு முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கினால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 உதவித்தொகை. வழக்கமாக எம்.எஸ்சி. முடிப்பவர்கள்தான் அந்தத் தேர்வுக்குப் போகிறார்கள். ஆக, நீ முதுநிலை வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தில் வங்கியிலிருந்து தவணைக் கடிதம் வந்து நிற்கும். மேற்படிப்புக்காகத் தள்ளிப்போடலாம், வட்டி இன்னும் ஏறும். தவணை கட்டுவதற்காகவே மெடிக்கல் கோடிங்கில் சேர்ந்த பிள்ளைகள் உண்டு. கௌரவமான வேலைதான். சாதாரண பி.எஸ்சி.யோடும் அதில் சேரலாம், பத்து லட்சம் கடன் எதற்கு?

புதுவை அரசின் சென்டாக் சேர்க்கைப் படிவத்தில் நம்மூர் அரசுக் கல்லூரிகளைக் கடைசியில் தள்ளியிருக்கிறாய். அவ்வையார் கல்லூரிக்கு வீட்டிலிருந்தே போய்வரலாம். கட்டணம் உன் அப்பா கடன் இல்லாமலே கட்டக்கூடியது. அடிப்படை அறிவியலில் பி.எஸ்சி. சேருகிறவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை இருக்கிறது, ஆண்டுக்கு 80,000 வரை. பிளஸ் டூவில் உங்கள் வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வர வேண்டும். பி.டெக்.காரர்களுக்கு அது கிடையாது. செருமாவிலங்கையில் பஜன்கோவா வேளாண் கல்லூரி, நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் என்று கைக்கெட்டும் தூரத்தில் இன்னும் இரண்டு. அங்கே பட்டம் வாங்கினால் வங்கியில் வேளாண் அதிகாரி தேர்வும் எழுதலாம். தொடக்க அடிப்படைச் சம்பளம் 48,480. சொந்தத் துறை என்பதால் சொல்கிறேன் என்று நினைக்காதே.

உயிரியல் படித்தவருக்கு இந்தக் கரையில் வேலை எங்கே என்று கேட்பாய். சீர்காழிக்குப் பக்கத்தில், கடல்பொருள் ஏற்றுமதியைக் கவனிக்கும் மத்திய அரசின் எம்பெடாவுக்கு ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் இருக்கிறது. இறால் குஞ்சு பொரிப்பகம் ஒன்றுக்கு ஒருமுறை போய்ப் பார். தலைமுடி கனத்தில் நெளிகிற குஞ்சுகளை அரைத்து, பி.சி.ஆர். கருவியில் ஏற்றி, வெண்புள்ளி வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வைரஸ் தொற்றிய குஞ்சு குட்டையில் இறங்கினால், நோய் கிளம்பிய சில நாளில் மொத்தமும் செத்துவிடும். போட்ட முதலெல்லாம் போச்சு. விவசாயி அந்த அறிக்கையைத்தான் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதில் கையெழுத்துப் போடுகிற அளவுக்கு நீ படி. அதற்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம், லாஸ்பேட்டையில் காஞ்சி மாமுனிவர் நிலையம்.

கடன் வேண்டுமென்றால் அப்போது வாங்கு. இரண்டு வருட எம்.எஸ்சி.க்கு இரண்டு லட்சம் வாங்கினால், வட்டி சேர்ந்து இரண்டரை லட்சமாகி, ஐந்து வருடத்தில் மாதம் 5,300 சொச்சம் வரும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் அதிலேயே கட்டிவிடலாம்.

உன் வகுப்பில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள சொல்தா வீட்டுப் பிள்ளைகள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள், இருப்பார்கள். பிரான்ஸில் அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பதிவுக் கட்டணமே வருடத்துக்கு 200 யூரோவுக்குள்தான். அவர்களைப் பார்த்து நம் வீட்டுக் கணக்கைப் போடாதே.

கடைசியாக ஒன்று. கல்விக் கடனில் அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தவணை தவறினால் அவருடைய சிபில் மதிப்பெண்ணும் விழும். பிறகு பயிர்க்கடனுக்குப் போனால் மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிடுவார். இதை நீயே அவரிடம் சொல்லாதே, ஞாயிற்றுக்கிழமை வந்து நான் பேசுகிறேன். அதற்குள் அந்தக் கட்டணத் தாளின் இரண்டாம் பக்கத்தையும் அனுப்பு. விடுதிக் கட்டணமும் ‘இதர’ என்று போட்டிருப்பதும் அதில்தான் இருக்கும்.

அன்புடன்,
மாமா